இடம் மாறிய சிவப்புக் கட்டம்

நான் ஒரு பெண்ணை ஏமாற்றினேன். அவள் சரியாகத்தான் படித்தாள். சரியாகப் படிக்கவில்லை என்று அவளையே நம்பவைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு வலைப்பூ நடத்துகிறேன். ஜமுனாமரத்தூரில் கணினி மையம் வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரமெல்லாம் அந்த வலைப்பூவுக்குத்தான். எந்தப் பேருந்தில் ஏறுவது, சந்தை என்றைக்கு, எங்கே தங்குவது, அருவிக்கு எப்படி இறங்குவது... எல்லாம் அதில் உண்டு.

அதன் வடிவமைப்பைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவேன். இங்கே தன்னடக்கம் காட்டினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆரம்பத்தில் கறுப்புப் பின்னணி, மின்னும் எழுத்து, இரு புறமும் விளம்பரம் என்று அதுவும் ஊரோடு ஒத்துத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். வெள்ளைப் பின்னணி. குட்டிக் குட்டிப் பத்திகள். கைப்பேசியை வெயிலில் பிடித்தாலும் தெரிகிற பெரிய எழுத்து. வரிகளுக்கு நடுவே கண் இளைப்பாற இடம். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டினாலும் திறந்துவிடும் பக்கம். கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்று பெரியவர்கள் எழுதினார்கள். சும்மா வந்த புகழா அது? ஒவ்வோர் எழுத்தின் அளவுக்கும் பாடுபட்டிருக்கிறேன்.

அருவிப் பக்கத்தில் மட்டும் ஓர் உறுத்தல். தலைப்புக்குக் கீழேயே ஒரு சிவப்புக் கட்டம்: மழை நாளில் படியில் இறங்காதீர்கள், பாசி வழுக்கும். என் மனைவி வனிதா வற்புறுத்திப் போடவைத்தது. வெள்ளைச் சட்டையில் தெறித்த வெற்றிலைச் சாறு போல அது என் கண்ணை உறுத்தியது.

ஒருநாள் அதை எடுத்து, பக்கத்தின் அடியில், பழைய பதிவுகளுக்கும் கீழே, சிறிய சாம்பல் நிற எழுத்தில் வைத்துவிட்டேன்.

வனிதா பார்த்துவிட்டாள். "அத இன்னாத்துக்குக் கீழ தள்னீங்க? அவ்ளோ தூரம் போய் யாரு பாப்பாங்க?"

"இப்பதான் பக்கம் பாக்க நல்லாருக்குது" என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவள் ரேவதி. என் வலைப்பூவைப் படித்துவிட்டுத் திருப்பத்தூரிலிருந்து தன் அம்மாவோடு வந்தவள். அருவிப் படியில் அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். மலையில் தெரிந்தவர் எவரும் இல்லாததால், வலைப்பூவில் இருந்த என் எண்ணுக்கு அழைத்திருந்தாள்.

"இதோ வர்றேங்க" என்றேன்.

உடனே கிளம்பவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்தேன். எச்சரிக்கையை மேலே ஏற்றினேன், பழையபடி சிவப்பாக்கினேன். ஒழுங்காக வந்திருக்கிறதா என்று கைப்பேசியில் திறந்தும் பார்த்தேன். அதன் பிறகுதான் வண்டியை எடுத்தேன்... அந்த நேரமெல்லாம் அங்கே ஒரு தாய் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் செய்தேனா? இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரேவதி கேட்டாள்: "உங்க பக்கத்தப் படிச்சிட்டுதாங்க வந்தோம். படி வழுக்கும்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாமே."

"மேலயே போட்டிருக்குதேங்க" என்று கைப்பேசியை நீட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள். தன் கைப்பேசியிலும் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. "இவ்ளோ பெருசா இருக்குது. எப்படிங்க வுட்டேன்? எங்கம்மாவ நானே புடிச்சித் தள்ன மாதிரி ஆய்டிச்சே" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் பக்கத்தைப் படித்த ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியாமல் போனது என்ற பேச்சு எழக்கூடாது. அதற்காக அந்தப் பழியை அவள் கண்களின் மீது போட்டேன். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்து, மலையிறங்கும் வரை பின்னாலேயே போனேன். கைகூப்பி நன்றி சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மா இன்று கோலூன்றித்தான் நடக்கிறார். கட்டம் மேலே வந்ததைப் பார்த்த வனிதா, தன் பேச்சை நான் எப்போதோ கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அவளையும் திருத்தவில்லை.

சென்ற மாதம் திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையில் ரேவதியைப் பார்த்தேன். கூட வந்த தோழியிடம் என்னைக் காட்டி, "மலைக்குப் போனா இவரு பக்கத்தப் படிச்சிட்டுப் போ. அவ்ளோ தெளிவாப் போட்டிருப்பாரு. நான்தான் கண்ண மூடிக்கினு படிச்சவ" என்றாள்.

தோழி அங்கேயே கைப்பேசியில் திறந்து பார்த்தாள். "ஆமா, படிக்க எவ்ளோ சுளுவா இருக்குது."

எனக்குக் குற்றவுணர்ச்சி வந்தது. ஆனால் அது பிறகு வந்தது. முதலில் நெஞ்சு நிமிர்ந்தது.