முன் சீட்டில் போட்ட துண்டு

கொஞ்ச நாள் முன்புவரை மாமாவின் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு துண்டு விரித்துக் கிடக்கும். பச்சைக் கரை போட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன துண்டு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிற ஜனங்கள் நாங்கள். துண்டு கிடந்தால் அங்கே உட்கார மாட்டோம். ஆனால் கீழ்பென்னாத்தூரில் கிளம்பிய வண்டி திருவண்ணாமலையை நெருங்கியும் அந்த சீட்டுக்கு ஆள் வராவிட்டால் கேட்கத்தானே செய்வார்கள்? "இன்னாப்பா, ஆளு எங்க ஏறுது?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டார். "ஏறியாச்சும்மா. நீ பின்னாடி நவுந்து உக்காரு" என்றார் மாமா. அந்தம்மா காலி சீட்டை ஒரு தடவை, மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆளை எனக்குத் தெரியும். அவன் அந்த சீட்டுக்கு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மாமாவிடம் கேட்டுவிட்டேன். "எழுது, வண்டிக்கு வெளம்பரமாச்சு" என்றார்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. மீசை அரும்பிய நாளிலிருந்து வண்டியைத் தவிர வேறு தொழில் அறியாதவர். ஒரு மாலை, ஊரைத் தாண்டியதும் வருகிற வளைவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டாள். வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண்கூட மணி அடித்துக்கொண்டே போய்விட்டாள். மறுநாளிலிருந்துதான் தொல்லை. அந்த வளைவு வந்தாலே மாமாவின் கை ஸ்டீயரிங்கில் நிற்காமல் உதறியது. ஒருநாள் பயணிகளை அங்கேயே இறக்கிவிட்டு வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதன்பின் வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. அத்தை அதன் கூரைமேல் துணி காயப்போட ஆரம்பித்தாள். அம்மா கூட்டிக்கொண்டு போய் மந்திரித்து, தாயத்தும் கட்டிவிட்டாள். உதறல் போகவில்லை. வேனை வாங்க ஒருவர் முடிவாகி, வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

நான் அப்போதுதான் உளவியல் படிப்பை முடித்து, ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்த கவுன்சிலர் மேடத்திடம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். மேடத்தின் வழி இது: நமக்குள் இருப்பது ஒரே ஆள் இல்லை. பயப்படுகிறவன், திட்டுகிறவன், ஓடி ஒளிகிறவன் என்று பல பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. யாரையும் விரட்டக்கூடாது, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். எனக்கு இது பைத்தியமாகவே பிடித்துப்போனது. அம்மா திட்டினால்கூட "உனக்குள்ள இப்ப எந்தப் பகுதிம்மா பேசுது?" என்று கேட்பேன். "கரண்டி வெச்சினு இருக்கற பகுதி" என்பாள்.

மாமாவையும் மேடத்திடம் வரச் சொன்னேன். "வெள்ளைக்காரங்க வந்து போற எடத்துக்கு நான் எதுக்கு?" என்று மாமா முரண்டு பிடித்தார். அம்மாதான் "போய் அத எறக்கி வுட்டுட்டு வாடா" என்று அனுப்பிவைத்தாள். மேடம் வழக்கமாக உறவினரை உள்ளே சேர்ப்பதில்லை. நான் இல்லாமல் உட்கார மாட்டேன் என்று மாமா சொன்னதால் ஒரு மூலையில் இடம் கொடுத்தார்.

கண்ணை மூடி அந்த பயத்தைக் கவனிக்கச் சொன்னார் மேடம். மாமா மூடியதும் மூடாததுமாக, "டேய், எறங்குடா! போடா வெளிய!" என்று அதட்டினார். கீழே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் உள்ளே பேய் ஏதாவது புகுந்தால் அப்படித்தான் பேசுவோம். வேறுவிதமாகப் பேச மாமாவுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அதட்ட அதட்ட, தொடைமேல் இருந்த கைகள் இன்னும் அதிகமாக உதறின.

மேடம் சிரிக்கவில்லை. "விரட்ட வேணாங்க. எவ்ளோ நாளா உங்ககூட இருக்கான்னு மட்டும் கேளுங்க."

மாமா அதட்டலை விட்டார். பிறகு மெதுவாக, "லைசென்ஸ் எடுத்ததுலேர்ந்து இருக்கறான். வளைவு வந்தா ஆரன் அடின்னு சொல்றவன் இவன்தான்" என்றார். சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாப்பா, அன்னிக்கு பிரேக்க மிதிச்சது நான் இல்ல. அவன். நான் பாக்கறதுக்குள்ள அவன் பாத்துட்டான். அவனப் போயி எறங்குடா எறங்குடான்னு சொல்லிக்கினு இருந்தேனே."

அதற்குப்பின் வேலை வேகமாக நடந்தது, ஏனென்றால் மாமா அதைத் தன் தொழிலாக்கிக்கொண்டார். யாரை எங்கே உட்காரவைப்பது என்பது வேன் ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? "நீயெல்லாம் ஒரு டிரைவரா" என்று அவருக்குள் நக்கலடிக்கிற ஒருவனும் இருந்தான். அவனைக் கடைசி சீட்டில் போட்டார், "குடிச்சிட்டு ஏர்றவன உக்கார வெப்பமே, அங்க." பயந்தவனுக்கு முன் சீட்டு. பின்னாலிருந்து கத்துவதைவிட ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவது நல்லதாம்.

வியாழக்கிழமை காலை கூரைமேல் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். என்னைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை முன் சீட்டில் விரித்தார். வளைவுக்கு முன்னால் வண்டி நின்றது. கை உதறியது. மாமா இடப்பக்கம் திரும்பி, "பாத்துக்கினே வா. எதுனா வந்தா சொல்லு. மெதுவா சொல்லு, காதுகிட்ட கத்தாத" என்றார். ஆரன் அடித்தார். கை உதறிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் வளைவைத் தாண்டிவிட்டோம். வெள்ளிக்கிழமை வந்தவரிடம், "மன்னிச்சுக்கோங்க, வண்டில ஆளு இருக்குது. இப்ப தர முடியாது" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது அந்த சீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். துண்டு மாமாவின் தோளுக்குத் திரும்பிவிட்டது. "அவன் எங்க மாமா?" என்றால், "பழகிட்டான். எடம் கெடைக்கற எடத்துல உக்காந்துக்கறான். சண்டைலாம் கம்மியாயிடுச்சி" என்கிறார்.

இன்று காலை அதே வண்டியில்தான் போனேன். மேடம் இல்லாமல், முதல்முறையாக ஆலோசனைக்கு வருகிற ஒருவரோடு நான் தனியாக உட்கார வேண்டிய நாள். படித்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. மாமா கண்ணாடியில் பார்த்தார். "இன்னா, ஒண்டியாவா வந்த?"

"இல்ல மாமா. ஒருத்தி நடுங்கிக்கினே கூட வர்றா."

அவர் தோளிலிருந்து துண்டை உருவி என் பக்கத்து சீட்டில் வீசினார். "அவள நிக்க வெக்காத."

அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் துண்டைப் பார்த்துத் தயங்கினார். "ஆளு வருதாம்மா?"

"வந்தாச்சுங்க" என்றேன்.