பாயிண்டில் ஜெயித்தவர்

என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணமான மூன்றாம் வருஷமே எங்களுக்குள் பேச்சு தீர்ந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா, தண்ணி வந்ததா, வெயில் எப்படி என்று கேட்டு முடித்தால் அவ்வளவுதான். பிறகு இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம்.

அப்போதுதான் ஒரு குத்துச்சண்டைக்காரர் எங்கள் பேச்சுக்குள் வந்தார். கணவரோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரருக்குத் தன் நாட்டு சாம்பியன் என்றால் உயிர். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் போட்டி நமக்கு ஞாயிறு காலை. அந்த நேரம் அவர்கள் இருவருக்கும் வேலை. "ஞாயித்துக்கிழம உனக்கு லீவுதான, பார்த்து வச்சிக்கினு மத்தியானம் சொல்லேன்" என்றார் கணவர். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று ஒப்புக்கொண்டேன்.

விழுப்புரம் வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து போனில் பார்ப்பேன். குத்துச்சண்டை என்றால் மூக்கு உடைவது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தச் சாம்பியனோ அடி வாங்குவதே அபூர்வம். எதிராளியின் கை எட்டும் தூரத்துக்கு அரை அடி வெளியே நிற்பார். குத்து காற்றில் போனதும் ஒன்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எதிராளியின் கையைப் பார்க்கமாட்டார், தோளைப் பார்ப்பார். திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற வேலை எனக்கு. அதனால் இது சட்டென்று பிடிபட்டது. யாரும் கீழே விழவில்லையே என்று கூட்டம் எரிச்சலில் ஊளையிடும். ஊளையிடட்டும். அவர் பன்னிரண்டு ரவுண்டும் ஆடி, நடுவர்கள் போடும் பாயிண்டில் ஜெயித்துவிட்டுப் போவார்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று போட்டிதான். மற்ற ஞாயிறுகளில் பழையதைத் தேடிப் பார்த்துச் சொன்னேன். சின்ன ஊர்க் கொட்டகைகளில் ஆரம்பித்தது, முதல் சாம்பியன் பெல்ட், அடுத்த எடைப் பிரிவுக்கு ஏறி வாங்கிய இரண்டாவது பெல்ட், எல்லாம். கணவர் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாம்பியனுக்கு வயது ஏற ஏற அந்த அரை அடி கால் அடியானது. ஒரு ஞாயிறு, சின்ன வயசுக்காரன் ஒருவனிடம் தோற்றார். நடுவர்கள் மூவரும் அவனுக்கே கொடுத்தார்கள். அன்று மத்தியானம் கணவர் எடுத்த எடுப்பில், "லீவு கேன்சல் பண்ணிட்டானுங்க. பொங்கலுக்கு வர முடியாது" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு, "மேட்ச் இன்னா ஆச்சி?" என்றார்.

"பாயிண்டுல ஜெயிச்சிட்டாருங்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அறைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்? சாயங்காலமே குட்டு உடையும். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார், உங்களுக்காகத்தான் என்பேன் என்று வேலைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உண்மையில் அந்தத் திட்டுக்கு ஏங்கினேன். திட்டினாலாவது நாலு வார்த்தை கூடப் பேசுவாரே. இரண்டு ஞாயிறு போனது. திட்டு ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு நானே கேட்டேன். "உங்க ரூம்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவனா? ஊருக்கே போய்ட்டு ஒரு வருஷம் ஆவுதே."

"அப்போ நான் யாருக்குச் சொல்லிக்கினு இருந்தேன்?"

"எனக்கு எங்க அதெல்லாம் புரியுது? நீ ஆசையா சொல்றியேன்னு கேட்டுக்கினு இருந்தேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. நானும் உங்களுக்காகத்தான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவர் தோத்துட்டாருங்க" என்றேன். "அப்பிடியா, பாவம்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டபோது, சமையல் வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை.