மாமா பூட்டிய படலையும் என் தாவோவும்

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துச் செல்வி அக்கா வீட்டுக்கு வந்தார்.

உரும்பிராயில் எங்களுக்கும் அவருக்கும் என் மாமாவுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. கிணற்றுக்குப் போகும் வேலிப் படலையை மாமா பூட்டிவிட்டார். அக்காவின் வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடுகிறது.

“நீயும் பங்குக்காரி. ஒருக்கால் வந்து மாமாவோடை கதை பிள்ளை. நீ சொன்னால் கேப்பார்.”

சில மாதங்களாகச் சீனத்துத் தாவோ தத்துவம் படித்து வருகிறேன். பதில் வாயில் தயாராக இருந்தது.

“எதையும் வலிஞ்சு செய்யக்கூடாது அக்கா. தண்ணி மாதிரி இருங்கோ. வழி தானா வரும்.”

அக்கா எழுந்தார்.

“தண்ணி கிணத்துக்கை சும்மாதான் இருக்குது. வழியைத்தான் உன்ரை மாமா பூட்டிப்போட்டார்.”

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உண்மை என்னவென்றால், மாமாவோடு முகம் முறிக்க எனக்குப் பயம். என் வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிறது. எல்லா உயிருக்கும் உதவுகிறது என்பதால்தான் தாவோ ஞானிகள் தண்ணீரைப் போற்றினார்கள். அந்தப் பாதியை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் மாமா:

“செல்வி உன்னட்டையும் வந்தவவாம். நீ ஒண்டிலையும் தலையிடேல்லையாம். படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான் இருக்கோணும்.”

கூடவே ஒரு கும்பிடு.

இன்னும் பதில் போடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? சும்மா இருக்கச் சொல்லாதீர்கள். அது எனக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறது.