வெளிப்பக்கம் மடித்த இலை

கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் சிவநேசன் கொமுட்டர் ரயில் ஏறினான். கிள்ளானில் காதலி உஷாராணியின் அப்பாவைப் பார்க்கப் போகிறான். "உங்க வீட்டுல பொண்ணு கேட்டுத் தட்டு எடுத்துட்டு வர்றதுக்கு முன்னால நீ ஒரு தடவ வந்து அப்பாகிட்ட பேசு. அவரு சரின்னாதான் மத்ததெல்லாம்" என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

துணைக்குப் பிரவின். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன். வியாழக்கிழமை புதுப்படமும் சனிக்கிழமை வாழையிலைச் சாப்பாடும் அவனோடுதான். அதையெல்லாம் சிவநேசன் ஞாயிறுதோறும் பேஸ்புக்கில் எழுதுவான். அந்த வாரச் செய்தி ஒரு பத்தி, படம் ஒரு பத்தி, சாப்பாடு ஒரு பத்தி. அடியில் மறக்காமல் 'சிவநேசன், பி.எஸ்சி.' ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நாற்பது வீடுகள். அத்தனை வீட்டுக்கும் முதல் பட்டம் அவனுடையது. அதைப் போடாமல் விட்டால் சட்டைக்குப் பொத்தான் போடாததுபோல் இருக்கும் அவனுக்கு.

"அவங்க அப்பா என்ன கடைடா வச்சிருக்காரு?" என்றான் பிரவின்.

"கடைன்னு மட்டும்தான் சொன்னா. மளிகைக் கடையாத்தான் இருக்கும்."

கிள்ளானில் இறங்கி, உஷாராணி அனுப்பிய வழியைக் கைப்பேசியில் பார்த்தபடி நடந்தார்கள். ஒரு சந்தில் திரும்பினார்கள். நீலச் சுவர். வாசலில் வாழையிலைக் கட்டு. பிரவின் அப்படியே நின்றுவிட்டான்.

"டேய், இது நீ கிழிகிழின்னு கிழிச்ச கடைலா!"

அதேதான். இரண்டு மாதத்துக்கு முன், பிரவினுக்குப் பழைய கார் பார்க்க வந்த அன்று இங்கேதான் சாப்பிட்டார்கள். அந்த ஞாயிறு சிவநேசன் எழுதினான்: 'மீன் கறியில் புளி நீச்சலடித்தது, மீன்தான் கரையேறிவிட்டது.' கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்தச் சந்தின் அடையாளத்தையும் நீலச் சுவரையும் விடாமல் எழுதியிருந்தான். முன்னூறு பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

அவசரமாகக் கைப்பேசியைத் திறந்து பதிவை அழித்தான்.

"அத அழிச்சிட்ட. இலைய என்னா பண்ணப் போற?" என்றான் பிரவின்.

சிவநேசனுக்கு அந்த இலை நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும், பிரவினைச் சிரிக்க வைப்பதற்காக, இலையை வேண்டுமென்றே வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருந்தான். சாவு வீட்டில் மடிப்பதுபோல.

"திரும்பிப் போயிடலாம்டா."

"போயிட்டு? ஞாயித்துக்கிழமை அதையும் எழுதுவியா?"

அதற்குள் உஷாராணி வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் கல்லாவில் அவள் அப்பா கார்த்திகேசு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மூனாவது மேச, காத்தாடிக்குக் கீழ. அங்கதானே அன்னிக்கு ஒக்காந்தீங்க?"

சிவநேசன் பிரவினோடு அந்த மேசையில் போய் உட்கார்ந்தான். உஷாராணியைப் பார்த்தான். "அது நீதான்னு எனக்குத் தெரியும். அதான் கடைக்கே வரச் சொன்னேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

கார்த்திகேசு எதிரில் வந்து உட்கார்ந்தார். "உங்க எழுத்த வாராவாரம் படிக்கிறேன். போன வாரம் வெள்ளத்தப் பத்திப் போட்டிருந்தீங்க, கால்வாய அடச்சிட்டு வானத்தத் திட்டுறோம்னு. ரொம்பச் சரி. ஹீரோ மூனு தடவ செத்துப் பொழைக்கிற அந்தப் படத்தப் பத்தி எழுதினதும் சரி. டிக்கெட் எடுக்காம தப்பிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மீன் கறி நல்லால்லன்னா, 'அங்கிள், நல்லால்ல'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். இலைய ஏன் தம்பி அந்தப் பக்கம் மடிச்சீங்க? எங்க வீட்டுல யாரு செத்தா?"

கடையே காது கொடுத்தது. பொய் சொல்ல நாலு வழி தோன்றியது சிவநேசனுக்கு. கவனிக்கவில்லை என்று சொல்லலாம், காற்றில் புரண்டது என்றுகூடச் சொல்லலாம். அவன் அதையெல்லாம் விட்டான்.

"கூட்டாளிய சிரிக்க வைக்கத்தான் அங்கிள் மடிச்சேன். திமிரு. தப்புதான்."

அடுப்படித் திரையை விலக்கிக்கொண்டு உஷாராணியின் அம்மா அமுதவள்ளி வெளியே வந்தார், கையில் அகப்பையோடு.

"யாரு செத்தான்னா கேக்குறீங்க? மீனு செத்துச்சு. கடல்ல ஒரு தடவ, ஒங்க சட்டியில ஒரு தடவ!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "தம்பி, அன்னிக்கு நான் பத்துமலைக் கோயிலுக்குப் போயிட்டேன். கடைய மூடுங்கன்னு சொன்னா கேக்காம இவரே சமைச்சிட்டாரு. ரெண்டு மாசமா ஒங்க அந்த மீன் வரியத்தான் நான் இவருக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன்."

"நீ எந்தப் பக்கம்?" என்றார் கார்த்திகேசு.

"நான் மீனு பக்கம்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து கல்லாவுக்குப் போனார். முதுகு குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

இலை விழுந்தது. அமுதவள்ளி தம் கையாலேயே மீன் கறி ஊற்றினார். புளியும் காரமும் அளவாக இருந்தன. சிவநேசன் இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டான். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு நிமிர்ந்தான். கல்லாவிலிருந்து அந்த மூக்குக் கண்ணாடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

இலையின் மேல்பாதியைப் பிடித்தான். தன் பக்கமாக, ஒரு பருக்கை சிந்தாமல், கடிதம் மடிப்பதுபோல் மடித்து அழுத்தினான்.

"ஐயோ, பாயாசம் இன்னும் வரலயேடா!" என்றான் பிரவின்.

சிவநேசன் திகைத்துப் போய் மடித்த இலையைப் பார்த்தான். மடித்ததை மறுபடி விரிப்பது இன்னொரு தப்பாகிவிடுமே.

கார்த்திகேசு இப்போது வாய்விட்டே சிரித்தார். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"உஷா! மாப்பிள்ள அவசரப்பட்டு மடிச்சிட்டாரு. டம்ளர்ல ஊத்திக் கொண்டா!"

பிரவின் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தான். சிவநேசனுக்கு வலிக்கவில்லை.