ஆசை நகரத்து ஏரி

தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளையும் தெர்மாகோலையும் வைத்து, அங்கே நடக்கவிருந்த கண்காட்சிக்காக நான் ஓர் ஊரின் மாதிரி செய்தேன். ஒரகடத்திலிருந்து படப்பை வரை இந்த மண் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி: வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடுகள், வழியெல்லாம் புங்கமரம், பழைய ஏரிகள் எல்லாம் கால்வாயால் இணைந்து நீலமாக. ‘ஆசை நகரம்’ என்று பெயரும் வைத்தேன். அன்றைய என் கர்வத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏரிகளைக் காட்டித்தந்தவள் அதே தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்கும் உள்ளூர்ப் பெண். அவள் வீட்டுக்குப் பின்னால் பாதி ஏரி இன்னும் இருக்கிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கல்வரிசையைக் கலங்கல் என்பார்கள். அஸ்திவாரச் செலவு மிச்சம் என்று அந்தக் கலங்கலின் மேலேயே வீட்டின் பின்சுவரை எழுப்பியிருந்தார்கள். தண்ணீரே வழியாவிட்டாலும் ஆண்டுதோறும் அந்தச் சுவருக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்கள். அவள் பெருமையாகச் சொன்னாள். நானும் பெருமையாக, சொன்னது சொன்னபடியே ஒரு சீட்டில் எழுதி மாதிரியில் ஒட்டிவிட்டேன்.

கண்காட்சி தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில். திறந்துவைக்க வருபவர் வருவாய்த்துறை அதிகாரி என்று அன்று காலையில்தான் சொன்னார்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்த அவள் சீட்டைப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாக்கா, எங்க வூடு ஏரி மேல கீதுன்னு நீங்களே எழுதி வெச்சிட்டீங்களே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருடம்தான் பக்கத்து ஊரில் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று ஒரு தெருவையே இடித்திருந்தார்கள். சீட்டைப் பிடித்து இழுத்தேன். பசையென்றால் அப்படியொரு பசை, பாதிதான் கிழிந்தது. அவள் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதிகாரி நிதானமான மனிதர். ஒவ்வொரு வீட்டையும் குனிந்து பார்த்தார், மரங்களைப் பாராட்டினார். ஏரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கிழிந்த சீட்டில் ‘கலங்கல்’ என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

“இந்தக் கலங்கல் இப்போ எங்கே இருக்கு?”

அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

“அது கற்பனை சார். அங்க ஏரியே கிடையாது” என்றேன். கிடையாது என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அழகான கற்பனை என்று சிரித்தார். கூடவே வந்த மேனேஜர் அதற்குத்தான் காத்திருந்தவர்போல, அந்தப் பக்கம் வெறும் மேடுதான், தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு அந்த இடத்தைத்தான் அரசிடம் கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி. உண்மையைச் சொன்னால், அவள் வாயால் ஒரு நன்றி கேட்கத்தான் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“வூடு தப்பிச்சிது, சரி. ஏரியே இல்லன்னுட்டீங்களே. நாளைக்கு மிச்சம் கீறதையும் கம்பெனிக்காரன் மண்ணு கொட்டி மூடுவான். அந்தத் தண்ணி எங்க வூட்டுக்குள்ள வரும். அப்போ நாங்க யார்கிட்ட போய், இங்க ஏரி இருந்துச்சுன்னு சொல்றது?”

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.