பெட்டியில் இருந்த ஆறு பாக்கெட்

என் பேத்திக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடியில் அவளுக்குத் தரும் சத்துமாவு பாக்கெட்டுகளை எண்ணி வாங்கி, என் இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பேன். மழை பிடித்தால் எங்கள் மலைக்கு மாவு வண்டி ஏறாதே என்ற பயம். மருமகளிடம் நாளுக்கு இரண்டே கரண்டி அளந்து கொடுப்பேன்.

போன மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது குழந்தை முந்நூறு கிராம் குறைந்திருந்தாள். "மாவுல சத்தே இல்லீங்க" என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனேன்.

மருமகள் தலைகுனிந்தபடி, "மாமா பொட்டில ஆறு பாக்கெட் அப்டியே இருக்குதுங்க டீச்சர்" என்றாள்.

"இன்னா தாத்தா, பொட்டிக்கா எடை ஏத்தறீங்க?" என்றார் டீச்சர்.

அங்கிருந்த பதினொரு தாய்மார்களும் சிரித்தார்கள். என் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெட்டிச் சாவி இப்போது அவளிடம். நான் காலி பாக்கெட்டுகளை மட்டும் எண்ணுகிறேன்.