மரண அறிவித்தலும் சந்திரவதனிக் கிறீமும்

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில், உரக்கடைக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் நடுவே இருக்கிறது உதயகலாவின் அழகு நிலையம். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் பெண்ணின் முகம் எந்தத் தேசத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வெங்காயம் கிண்டுகிற, புகையிலைக்குத் தண்ணீர் கட்டுகிற, உச்சி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிற அச்சுவேலிப் பெண் எவளுடையதும் அல்ல என்பது மட்டும் ஆடு மாடுகளுக்கும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய், தங்கள் முகத்தோடேயே வெளியே வருகிறவர்கள் பதினெட்டு வருடமாகக் குறையவில்லை.

உதயகலா தொழில் தெரியாதவள் அல்ல. அவள் நூலைக் கையில் எடுத்தால் புருவம் தானாகவே வளைந்து கொடுக்கும் என்பார்கள். அவளிடம் புருவம் திருத்திய பெண்கள் கனடாவுக்கும் சுவிஸுக்கும் பாரிஸுக்கும் கலியாணம் கட்டிப் போனார்கள். அவள் மட்டும் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டியது, கொழும்புக்குச் சாமான் வாங்கப் போன நாட்களில்தான். அந்தக் குறை நெஞ்சுக்குள்ளே கிடந்து முளைத்து, கடைசியில் கிறீமாகப் பூத்தது. தான் போகாவிட்டாலும் தன் பெயர் ஒட்டிய டப்பாவாவது ரொறன்ரோவில் ஒரு கடைத் தட்டில் ஏறி உட்கார வேண்டும். அதுதான் அவளுடைய மோட்சம்.

கிறீம் செய்த விதம் மிக எளிது. கொழும்பில் வாளிக்கணக்கில் விற்கிற வெள்ளைப் பசையை வாங்கி, கொஞ்சம் மஞ்சளும் ஒரு சொட்டு றோசாப்பூ வாசனையும் விட்டு, அகப்பையால் கிண்டினாள். ‘சந்திரவதனி’ என்று பெயர் வைத்து, முப்பதே நாளில் முகம் மாறும் என்று மூடியில் அச்சடித்தாள். முப்பது நாளில் முருங்கைத் தடிகூடத் துளிர்க்கிறது, முகம் மட்டும் சும்மா இருக்குமா என்பது அவள் நியாயம்.

அந்த நியாயத்தை உலகுக்குக் காட்ட, பூசுவதற்கு முன்னும் பூசிய பின்னும் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேஸ்புக்கில் போட்டாள். முதல் முகம் பக்கத்துவீட்டுப் பிரசாந்தியுடையது. முன்படத்தை நடுமத்தியானத்தில், தோட்டத்துக்குள், மண்வெட்டியும் கையுமாக நின்றவளை மறித்து எடுத்தாள். பின்படம் கடைக்குள், வட்ட விளக்குக்கு முன்னால் இருத்தி, செல்பியாக எடுத்தது. பிரசாந்தி வெளுத்தது உண்மை. கூடவே அவளுடைய இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. செல்பி வலம் இடம் மாற்றிக் காட்டும் என்பதை உதயகலா யோசிக்கவில்லை, ஊர் யோசித்தது. மச்சம் எப்போது இடம்பெயர்ந்தது, குடும்ப அட்டை மாற்றியாயிற்றா என்று ஒருவன் எழுதினான். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகள் கிறீமுக்கு விழுந்த இதயங்களைப்போல் நாற்பது மடங்கு.

அவள் சோர்ந்து போகிறவளா? படிக்கத் தொடங்கினாள். முன்படத்து முகம் சிரிக்கக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது, தலை வாரி இழுத்திருக்கக் கூடாது. வீட்டில் களவு போன மறுநாள்போல நிற்க வேண்டும். ஆனால் இரண்டு படத்துக்கும் ஒரே சுவர், ஒரே நேரம், ஒரே பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் பல்லிளிக்கும். இதையெல்லாம் கற்றுத் தேறினாள். பொய்யை ஒழுங்காகச் சொல்வதற்கு இவ்வளவு உழைப்பவர்கள் அதில் பாதியை மெய்யில் போட்டால் தங்கள் மூத்த மகனையாவது பள்ளிச் சோதனையில் தேற்றியிருக்கலாம்.

அதன் பிறகும் ஒரு குறை நின்றது. விடியற்காலை ஒன்றும் பின்னேரம் ஒன்றுமாக ஒரே நாளில் எடுத்திருப்பாள், திகதிக்கு என்ன அத்தாட்சி என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கேட்டார். உதயகலா இரண்டு நாள் யோசித்து, படம் எடுக்கும் பெண்ணின் கையில் அன்றைய பேப்பரைக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்தார் கடவுளைச் சந்தேகித்தாலும் பேப்பரில் வந்ததைச் சந்தேகிக்க மாட்டார்கள். முன்பக்கத்தைக் காட்டிப் பார்த்தாள். அதில் இருந்த அரசியல்வாதிகள் எல்லோரும் சந்திரவதனி பூசாமலே பளபளவென்று இருந்தார்கள். திருப்பி, மரண அறிவித்தல் பக்கத்தைக் காட்டினாள். அடடா என்ன பொருத்தம். செத்தவர்கள் பதினாறு பேர் சாம்பல் நிறத்தில் வரிசையாக இருக்க, பக்கத்தில் உயிரோடு இருக்கும் எந்த முகமும் மின்னத்தானே செய்யும்.

அந்தப் படம் ஒரே இரவில் இருபதாயிரம் பேரிடம் போனது. உதயகலா தன் கிறீமின் மகிமையைத் தானே நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான். அதற்கு முன் அவள் அதைத் தன் முகத்தில் பூசியதில்லை. அதற்குப் பின்னும் பூசவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் வெறும் வெளிச்சத்தால் எத்தனை நாள் ஓட்டுவது? உண்மையாகவே மாறுகிற முகம் வேண்டும். அதையும் கண்டுபிடித்தாள், அதில்தான் அவளுடைய கெட்டித்தனம். வயிற்றுப் பிள்ளைக்காரியின் முகம் ஒன்பதாம் மாதத்தில் கறுத்து, கன்னத்தில் படை படர்ந்து கிடக்கும். பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தொட்டவருக்கும் ஒட்டுகிற தீட்டு. வெயில் படாமல் வீட்டுக்குள் இருத்தி, வேப்பிலையும் நொச்சியும் அவித்த தண்ணீரில் வார்த்து, மல்லியும் மிளகுமாகச் சரக்கு அரைத்த கறியும் உள்ளியும் பால்சுறாவும் நல்லெண்ணெயுமாகத் தீத்துவார்கள். அந்தப் பக்குவத்தை அம்மிக்குழவிக்குச் செய்தால் அதுவும் மினுமினுத்துக்கொண்டு எழுந்து நடக்கும். ஆகவே எந்த வீட்டில் எவளுக்கு எத்தனையாம் மாதம் என்பது குடும்பநல மாதுவைவிட உதயகலாவுக்குத் திறமாகத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் மாதத்தில் கழுத்துக்கு மேலே ஒரு படம் எடுத்து, இனாமாக ஒரு டப்பாவைக் கொடுப்பாள். துடக்குக் கழித்த மறுநாள் போய்ப் பின்படம் எடுப்பாள். நான்கு தாய்மார் இப்படிச் சந்திரவதனியால் அழகானார்கள்.

இந்த வேளையில்தான் உடுவிலுக்குப் பாலேஸ்வரி வந்து இறங்கினாள். முப்பது வருடம் ரொறன்ரோவில் இருந்தவள். மகள் நிவேதனாவின் கலியாணத்தைப் பிறந்த மண்ணில் செய்ய வேண்டும் என்று பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து வெள்ளையடித்திருந்தாள். மணமகளை அலங்கரிக்க உதயகலாவை அமர்த்தினாள். கிறீம் பற்றி அவளும் போனில் பார்த்திருந்தாள். கலியாண மண்டபமே வாய் பார்க்கும்படி மகளின் முகம் இருந்து, புதிதாக ஒரு அத்தாட்சியையும் அன்றைக்குள்ளேயே கண்ணால் கண்டால், திரும்பும்போது இரண்டு சூட்கேஸ் நிறையச் சந்திரவதனியைக் கொண்டுபோய்த் தன் சிநேகிதியின் கடையில் வைப்பதாக வாக்குக் கொடுத்தாள்.

உதயகலாவுக்கு நித்திரை போயிற்று. கைவசம் இருந்த அடுத்த முகம் கஜானியுடையது, அச்சுவேலி ஏரம்புவின் மருமகள். கலியாண நாளன்று அவளுக்குத் துடக்கு இருபத்துநாலாம் நாள். இன்னும் ஒரு கிழமை பொறுத்தால் முறைப்படி எல்லாம் முடியும். ஆனால் கலியாணம் முடிந்த நாலாம் நாள் பாலேஸ்வரிக்கு விமானம். விமானம் முப்பத்தொன்றுக்குக் காத்திருக்குமா?

கலியாண நாள் காலை ஆறு மணிக்கு, முழுகி, பட்டுச் சேலை கட்டி, பேப்பரும் கையுமாக ஏரம்பு வீட்டுப் படலையைத் திறந்தாள். கஜானி அறைக்குள்ளே பூரண சந்திரன்போல் இருந்தாள். இருபத்துநாலு நாள் அடைபட்டுக் கிடந்தவளுக்கு எமன் வந்து படம் எடுக்கக் கேட்டாலும் சந்தோஷந்தான். பேப்பரை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டியிருந்ததால், குழந்தையை உதயகலா வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டே படம் எடுத்தாள். குழந்தையும் தன் பங்குக்குப் பட்டுச் சேலையில் இலங்கைப் படம் ஒன்று வரைந்தது.

கிறீமை எந்த நேரம் பூசினாய் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தாள் உதயகலா. கஜானி கொடுப்புக்குள் சிரித்தாள்.

“நான் அதைத் திறந்தும் பாக்கேல்லை அக்கா. மாமாதான் எடுத்துச் சைக்கிள் செயினுக்குப் பூசினவர்.”

முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஏரம்பு தலையை நிமிர்த்தினார்.

“திறமான சாமான் பிள்ளை. செயின் இப்ப மூச்சும் காட்டுறேல்லை. இன்னுமொண்டு கொண்டு வந்தனியோ?”

அவருக்குப் பதில் சொல்ல உதயகலாவுக்கு நேரம் இல்லை. அங்கேயே நின்று இரண்டு படத்தையும் பொருத்திப் பேஸ்புக்கில் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரை முறுக்கினாள். துடக்கு வீட்டில் பிள்ளை தூக்கியவள் திரும்ப முழுகாமல் கலியாண வீட்டுக்குப் போகலாமா என்று வழியில் ஒரு நினைவு வரத்தான் செய்தது. முழுகினால் தலை காயாது, செய்த சிங்காரமும் போய்விடும். நினைத்தால்தான் துடக்கு என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு உடுவிலுக்கு வந்து சேர்ந்தாள். சேலையின் ஈரம் காற்றில் காய்ந்திருந்தது.

நிவேதனாவின் முகத்தில் வேலை இரண்டரை மணித்தியாலம் நடந்தது. சந்திரவதனியை ஒரு படை பூசி, அது காய மறுபடை பூசி, நல்ல மாநிறமாய் இருந்த பிள்ளையை மாக்கோலம் போட்ட வாசலாக்கினாள். முடித்ததும் தன் போனில் ஒரு படமும் எடுத்து வைத்தாள். பாலேஸ்வரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். காலையில் ஏற்றிய கஜானியின் படத்தை அதற்குள் முப்பத்தேழாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். உதயகலாவின் கண்ணுக்கு இரண்டு சூட்கேஸ்களும் தெரிந்தன, அவை விமானத்தில் ஏறுவதும் தெரிந்தது.

அறை மூலையில் கதிரை போட்டு இருந்தாள் கனகாம்பிகை. மணமகளின் தகப்பனுக்கு மூத்த சகோதரி. சடங்கு முறையெல்லாம் அவள் வாய்க்குள்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், பாலேஸ்வரியிடம், கொக்குவிலில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் செத்துப்போனார், உனக்குத் தெரிந்த ஆள்தான் என்றாள். பிறகு விரலை மேலே தள்ளித் திகதியைப் பார்த்தாள். இன்னும் தள்ளி, பேப்பரைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். விரல் கணுக்களில் பெருவிரலை ஓட்டி எண்ணினாள். எண்ணி முடித்துக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.

“பிள்ளை, நீ காலமை எங்கை போனனீ?”

உதயகலா கடைக்குத்தான் என்றாள்.

“இது ஏரம்பண்ணையின்ரை மருமோள் எல்லோ. பிள்ளை பிறந்து இண்டைக்கு இருபத்துநாலு. இஞ்சை கலியாணம் முடியட்டும் எண்டு நாங்களே அந்தப் படலைக்குப் போகேல்லை. பேப்பர் பிடிச்சிருக்கிறது அவளின்ரை இரண்டு கையும். அப்ப குழந்தை ஆற்றை மடியிலை கிடந்தது?”

உதயகலா சேலைத் தலைப்பை இழுத்து மடியை மூடினாள். அந்த ஒரு இழுவையே போதுமாக இருந்தது. திகதிக்கு அத்தாட்சி கேட்டார்களே, கிடைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்தது இப்படித்தான்.

துடக்கெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்று அவள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். பாலேஸ்வரி மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து மணித்தியால விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன துடக்கோடு இருந்தார் என்று கேட்காதவளுக்கும் உடுவிலுக்கு வந்ததும் ஆசாரம் வந்துவிட்டது. தீர்ப்பு உடனே ஆனது. தொட்டவளும் முழுக வேண்டும், தொடப்பட்டவளும் முழுக வேண்டும். உதயகலா கிணற்றடியில் பட்டுச் சேலையோடு நின்று நாலு வாளி தலையில் ஊற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மணமகளை நிறுத்தி, இரண்டரை மணித்தியால வேலையைக் கனகாம்பிகையே மஞ்சளும் பயற்றம்மாவும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சந்திரவதனி பாத்தி வழியே வெள்ளையாக ஓடி வாழை அடியில் சுவறியது. அந்த வாழை வெளுத்ததாகத் தகவல் இல்லை.

“தாங்ஸ் மாமி,” என்றாள் நிவேதனா, கண்ணில் போன தண்ணீரைத் துடைத்துக்கொண்டு. “விடியத் துவங்கி முகமெல்லாம் ஒரே கடி.”

நல்ல நேரம் தவறிவிடும் என்பதால், பொட்டும் கண்மையும் மட்டும் வைத்து மணவறைக்குக் கொண்டுபோனார்கள். கழுவின முகம், வெட்கப்பட்ட சிவப்பு, நெற்றியில் இரண்டு துளி தண்ணீர். மண்டபம் வாய் பார்த்தது. என்ன பூசினது, என்ன பூசினது என்று பெண்கள் பாலேஸ்வரியைக் குடைந்தார்கள். உதயகலா பின்வரிசையில், யாரோ கொடுத்த நூல் சேலையில், ஈரத்தலையோடு இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். நேரம் பார்த்து எழும்பிப் போய், சூட்கேஸ் விஷயத்தை நினைவூட்டினாள். முப்பத்தேழாயிரம் பேர் பார்த்தது பொய்யா என்றும் கேட்டாள். பதில் கனகாம்பிகையிடமிருந்து வந்தது.

“உன்ரை கிறீமையோ பாத்தவை? ஆர் செத்தது எண்டு பாக்கிறனாங்கள் பிள்ளை. நானே ஒவ்வொரு படத்திலையும் பத்து நிமிசம் நிக்கிறனான்.”

பாலேஸ்வரியும் தலையாட்டினாள். ரொறன்ரோவில் பேப்பர் கிடைப்பதில்லை, சிநேகிதிகளுக்கும் அவள்தான் அனுப்பி வைப்பாளாம், பேப்பர் தெளிவாகத் தெரிகிற நல்ல பேஸ்புக் பக்கம் என்று.

நாலாம் நாள் பாலேஸ்வரி பறந்தாள். சூட்கேசுக்குள் சந்திரவதனி இல்லை. கஜானியின் முகத்துக்கு என்ன அரைத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டு, ஏரம்புவின் மனைவியிடம் வாங்கிய நாலு கிலோ சரக்குத்தூள் இருந்தது.

அன்று பின்னேரமே உதயகலா கடைசியாக ஒன்று செய்து பார்த்தாள். இரண்டரை மணித்தியாலம் பூசி எடுத்த நிவேதனாவின் படத்தை முன் என்று போட்டாள். மணவறையில் எடுத்த கழுவின முகத்தைப் பின் என்று போட்டாள். சந்திரவதனி என்று கீழே எழுதினாள். அவள் போட்ட படங்களிலே உண்மையான மாற்றம் தெரிந்த முதற்படம் அதுதான். பொழுதுபடும்வரை பதினொரு பேர்தான் பார்த்திருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது.

“இண்டையான் பேப்பர் எங்கை தங்கச்சி? ஒருத்தரும் சாகேல்லையோ?”

அடுத்த நாள் விடிய, பேப்பர்க் கடை திறக்குமுன்னமே அதன் வாசலில் உதயகலாவின் ஸ்கூட்டர் நின்றது.